பாக்ஸ் ஸ்குவாட் முதுகெலும்பை நசுக்குமா?

தோளில் எடைக்கம்பியைத் தாங்கியபடி பெட்டியில் அமர்ந்து எழும் பாக்ஸ் ஸ்குவாட் முதுகெலும்பை நசுக்கிவிடும், ஸ்குவாட் உள்ளிட்ட பளுதூக்கும் போட்டிகளில் பங்கேற்கும் பவர்லிஃப்டர்கள் அதைத் தொடவே கூடாது என்று பரவிவரும் கருத்து தவறானது. அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில் பவர்லிஃப்டிங் பயிற்சியாளர் லூயி சிம்மன்ஸ் நடத்திய வெஸ்ட்சைடு பார்பெல் உடற்பயிற்சிக் கூடத்தில் பல்லாண்டுகளாக இது முதன்மைப் பயிற்சிகளுள் ஒன்றாக இருந்தது. கடைசி இரண்டு அங்குலத்தில் உடலைத் தளரவிட்டுத் பெட்டியில் தொப்பென்று விழுந்து முதுகெலும்பைத் திடீரென அதிரவைப்பதே ஆபத்து. அப்படி விழுபவரைக் கண்டவர்களின் அச்சம் நியாயமானதே. இடுப்பைப் பின்னே தள்ளி மெதுவாக இறங்கி, வயிற்றில் அடக்கிய மூச்சை விடாமல், முதுகின் இறுக்கம் குலையாமல் ஒரு கணம் அமர்ந்து எழுபவருக்கு அந்தத் திடீர் அதிர்ச்சி நேராது. போட்டியில் பெட்டி கிடையாது. இடுப்பு மூட்டருகே தொடையின் மேற்பரப்பு முழங்கால் உச்சிக்குக் கீழே இறங்கினால்தான் அந்த முயற்சி செல்லுபடியாகும் என்பதால், பெட்டியின் உயரத்தை அதற்கேற்ப வைப்பதோடு, பெட்டியில்லா ஸ்குவாட்டையும் விடாமல் பழக வேண்டும்.