தேக்குக்கு மேல் எனாமல்

பழைய மரச்சாமான் வாங்கப் போனால் இந்த எனாமல் பெயிண்ட் தொல்லை தாங்க முடியவில்லை. சமீபத்தில் வாங்கிய முக்காலியின் அடியில் ஒரு மூலையில் மட்டும் பெயிண்ட் படாமல் விட்டிருந்தது. பார்த்தால் நல்ல தேக்கு, ரேகை அவ்வளவு அழகாக ஓடுகிறது. அதன் தலையில் பச்சை எனாமலைக் கொட்டியிருக்கிறார்கள்.

சரி, அடித்ததுதான் அடித்தார்கள், ஒழுங்காகவாவது அடித்தார்களா? பழைய அரக்கு பாலிஷ் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும். அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தூசி துடைத்து, பிரைமர் அடித்தால்தான் பெயிண்ட் பிடிக்கும். இவர்கள் நேரே பிரஷ்ஷைத் தோய்த்து இழுத்துவிடுகிறார்கள். நகத்தால் சுரண்டினாலே தோல் தோலாக உரிகிறது. உளுத்த ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்து, மேலே பெயிண்ட் பூசி மறைப்பது இன்னும் மோசம். வீட்டுக்கு வந்த பிறகுதான் கால் ஆடும்.

சுரண்டி எடுத்துவிடலாமே என்பார்கள். எடுக்கலாம்தான். ஆனால் வீட்டு பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் (90 பிபிஎம்) தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முன் அடித்த பெயிண்ட் என்றால், குழந்தைகள் இருக்கும் வீட்டில் தூசி பறக்கத் தேய்க்க முடியுமா? முகக்கவசம் போட்டுக்கொண்டு, வாட்டர் பேப்பரை, அதாவது தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளை, நனைத்து நனைத்து, கடைசல் காலின் ஒவ்வொரு பள்ளமாக நோண்ட வேண்டும். விரல் நுனியெல்லாம் எரிகிறது.

பிளைவுட்டுக்கு அடியுங்கள், ரப்பர் மரத்துக்கு அடியுங்கள், யார் கேட்டார்கள்? தேக்கை மட்டும் விட்டுவிடுங்கள், புண்ணியமாகப் போகும்.