விளக்குக் கேட்ட அம்மாவை உட்கார வைத்தவர்களுக்கு

அந்த வீடியோவை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பாம்புக்கடி விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஓர் அம்மா எழுந்து, "களத்துமேட்டுப் பாதையில் விளக்கு எரியவில்லை ஐயா, இருட்டில்தான் ஒதுங்கப் போகிறோம்" என்கிறார். "அதை மனுவாக எழுதிக் கொடுங்கள், இது வேறு கூட்டம்" என்று மைக்கை வாங்கிக்கொள்கிறார்கள். மேடையில் சிரிப்பு வேறு.

இது எப்படி வேறு கூட்டம்? அன்றைக்குப் பேசப்பட்டதிலேயே உருப்படியான பேச்சு அது ஒன்றுதான். எந்த வரப்பில் எலிவளை அதிகம், எந்த வைக்கோல் போரில் கைவிடக் கூடாது, யார் வீட்டுப் பின்புறம் விறகு குவிந்து கிடக்கிறது என்பதெல்லாம் அங்கே வாழ்கிறவர்களுக்குத்தான் தெரியும். அவர்களைக் கேட்காமல் பாம்புக்கடியைத் தடுக்க முடியாது.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறக்குறைய 12 லட்சம் பேர் பாம்பு கடித்து இறந்திருக்கிறார்கள் என்று 2020இல் வந்த ஆய்வு சொல்கிறது. ஆண்டுக்குச் சராசரி 58,000. பெரும்பாலோர் கிராமத்தார். உலகெங்கும் பாம்புக்கடிச் சாவுகளை 2030க்குள் பாதியாக்க உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வகுத்த திட்டத்தின் முதல் நோக்கமே மக்களை இதில் ஈடுபடுத்துவதுதான். மருந்தும் சிகிச்சையும் அதற்கு அடுத்துத்தான் வருகின்றன.

என் சித்தப்பா கட்டுவிரியன் கடித்து இறந்தவர். தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தார். விடியற்காலையில் வயிறு வலிக்கிறது என்றார். சித்தி ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுத்தார். கட்டுவிரியன் கடித்தால் பல நேரம் வலியே இருக்காது, பல் பட்ட தடமும் தெரியாது. இமை தொங்கத் தொடங்கிய பிறகுதான் வீடே பதறியது. முதலில் போன ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை. அடுத்த ஊருக்குப் போகும் வழியில் மூச்சு நின்றுவிட்டது.

அன்றிலிருந்து சித்தி ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்கிறார்: தரையில் படுத்தால் கொசுவலை கட்டு, வலையின் ஓரத்தைச் சுற்றிலும் பாய்க்கு அடியில் செருகு. சொல்வதோடு நிற்காமல் குனிந்து செருகிக் காட்டிவிட்டு வருவார். அவரை எந்த மேடைக்கும் யாரும் அழைத்ததில்லை.

"கடித்த இடத்துக்கு மேலே கயிறு கட்டுகிறவர்கள், மந்திரிக்கப் போகிறவர்கள், இவர்களிடம் என்ன கேட்பது?" என்று சிலர் வருவீர்கள். கயிறு கட்டுவது தவறு, கீறி உறிஞ்சுவது தவறு. மந்திரிக்கப் போய் நேரம் கடந்து செத்தவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் மருந்து இருக்கும் என்ற நம்பிக்கையை அந்த ஊருக்கு யார் கொடுத்தார்கள்? "எதிலும் அரசியல் பார்க்கிறாய்" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, பொறுமையும் இல்லை.

விஷமுறிவு மருந்து தயாரிக்க நஞ்சு எடுத்துக் கொடுப்பவர்கள் யார் தெரியுமா? சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய, பாம்பு பிடிப்பவர்களின் கூட்டுறவுச் சங்கத்தைச் சேர்ந்த இருளர் பழங்குடியினர். அவர்கள் பிடித்த பாம்பின் நஞ்சில் உருவான மருந்து வேண்டும். அவர்களைப் போன்றவர்கள் வாய் திறந்தால் மட்டும் கூட்டம் கெட்டுவிடுகிறது. படித்தவர் சொன்னால் ஆலோசனை, சேற்றில் நிற்பவர் சொன்னால் புகார். எத்தனை காலம் இதைக் கேட்டுக்கொண்டிருப்பது? எங்கள் வீட்டுச் சாவு உங்களுக்குப் புள்ளிவிவரமாக இருக்கலாம். எங்களுக்கு அது சித்தப்பா.

அடுத்த கூட்டம் நடத்துகிறவர்கள் ஊராட்சிச் செயலரையும் கையோடு கூட்டி வாருங்கள். முதல் மணி நேரம் ஊர்ப் பெண்கள் பேசட்டும். அருகில் எந்த ஆஸ்பத்திரியில் மருந்து இருப்பில் இருக்கிறது என்பதை எழுதி ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுங்கள். உங்கள் சொற்பொழிவை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.