போசைடன் காப்பாற்ற வரமாட்டார்

பழங்காலக் கிரேக்க மாலுமிகளுக்கு யார் துணை என்று கேட்டால், யோசிக்காமல் கடல் கடவுள் போசைடன் என்று எழுதிவிடுகிறார்கள். கும்பிட்டார்கள்தான், ஆனால் பயத்தில். புயலைக் கிளப்புகிற ஆளே அவர்தான். ஹோமரின் ஒடிசி காவியத்தில் நாயகன் ஒடிசியஸின் தெப்பத்தை நொறுக்குவது போசைடன். காப்பாற்ற வருவது லூக்கோதியா என்கிற சின்னக் கடல் தெய்வம். தன் முக்காட்டைக் கொடுத்து, நெஞ்சுக்குக் கீழே கட்டிக்கொள்ளச் சொல்கிறாள். கரை சேர்ந்ததும் அவிழ்த்துக் கடலில் வீசிவிட வேண்டும், வீசும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

அந்தத் துணி காவியத்தோடு நின்றுவிடவில்லை. வட ஏஜியன் கடலில் இருக்கும் சாமோத்ரேஸ் தீவில், 'பெருந்தெய்வங்கள்' கோயிலில் தீட்சை பெற்றவர்கள் கடலில் காப்பாக வயிற்றைச் சுற்றி ஊதாப் பட்டை கட்டிக்கொண்டார்கள். ஒடிசியஸே அங்கே தீட்சை வாங்கியவர், முக்காடுதான் அவருக்குப் பட்டை என்று பழைய உரைக்குறிப்பு ஒன்று அடித்துச் சொல்கிறது!

ஏதென்ஸுக்கு அருகே இதேபோல் தீட்சை தந்த எலூசிஸ் கோயிலில், தீட்சையின் இரண்டாம் படிக்குக் குறைந்தது ஓராண்டு காத்திருக்க வேண்டும். சாமோத்ரேஸில் இரண்டு படியையும் ஒரே நாளில் முடித்தவர்கள் உண்டு. அடிமை, பெண், அயல்நாட்டான் யாருக்கும் தடையில்லை. அடுத்த காற்றுக்குப் பாய் விரிக்க வேண்டியவனுக்கு இதைவிடத் தோதான கோயில் ஏது?

பிழைத்து வந்தவர்கள் அங்கே நேர்த்திக்கடனாகப் படங்கள் வைப்பார்கள். அவற்றைக் காட்டி ஒரு நண்பர் தெய்வ மகிமை பேச, மூழ்கிப்போனவர்களின் படம் எங்கே என்று கேட்டாராம் மெலோஸ் ஊர் டயாகோரஸ். நாத்திகர்களுக்குப் பிடித்த கதை. எனக்கும் பிடிக்கும். ஆனால் மூழ்கினவர்கள் எத்தனை பேர் என்பது அவரைவிட மாலுமிக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் பட்டையைக் கட்டினான்.

பட்டை மட்டும் போதாது, கப்பலில் தீட்டு இருக்கக் கூடாது. கொலைகாரன் ஒருவன் ஏறினால் கூட வந்தவர்களும் சேர்ந்து முழுக வேண்டியதுதான் என்பது பரவலான நம்பிக்கை. நீதிமன்றம்வரை அது போனது. தெய்வ நிந்தனை வழக்கில் சிக்கிய ஆண்டோகிடிஸ், சுமார் கி.மு. 400இல் ஏதென்ஸில் வாதாடும்போது, குளிர்காலத்தில் கடலில் போனதையே சாட்சியாக வைத்தார்: நான் குற்றவாளியென்றால் தெய்வங்கள் என்னை அங்கேயே முடித்திருக்காதா? எதிர்த்தரப்பும் சளைக்கவில்லை. இங்கே வந்து தண்டனை வாங்கத்தான் தெய்வங்கள் அவரைப் பத்திரமாகக் கரை சேர்த்தன என்றார்கள். ஆண்டோகிடிஸ் விடுதலையானார்.