"கலைஞர் கார்டு இருக்கா?"

முகநூல் பழைய பதிவு ஒன்றை 'நினைவுகள்' என்று தூக்கிக் காட்டியது. 2013, அம்மா உணவகம் திறந்த புதிது. "ஒரு ரூபாய் இட்லிக்கு ஓட்டை விற்கப் போகிறான் தமிழன்" என்று எழுதியிருக்கிறேன். சரி, 2022 செப்டம்பரில் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் வந்தபோது என்ன எழுதினேன் என்று தேடிப் பார்த்தேன். அப்படியே உருகியிருக்கிறேன்.

இரண்டுமே பசித்தவருக்குச் சோறு போடுகிற வேலைதான். போர்டில் இருந்த முகம்தான் வேறு.

2013இல் கேட்க வேண்டிய கேள்விகள் இருந்தன. ஒரு ரூபாய்க்கு மேல் ஆகிற செலவை மாநகராட்சி எத்தனை வருஷம் தாங்கும்? அங்கே மாவாட்டுகிற மகளிர் குழுப் பெண்களுக்குக் கூலி என்ன? ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை. எனக்கு அந்த அம்மாவைப் பிடிக்காது, அவ்வளவுதான். 2022இலும் கேட்கவில்லை. அப்போது காரணம் வேறு.

நான் திமுக பக்கம். என் பெரியப்பா எனக்கு நேர் எதிர். எம்ஜிஆர் காலத்து இரட்டை இலை. சில வருஷம் முன்பு நெஞ்சுவலி வந்து, ஸ்டென்ட் வைக்கணும் என்றார்கள். காப்பீட்டு கவுன்டரில் இருந்த பெண், "கலைஞர் கார்டு இருக்காங்கய்யா?" என்று கேட்டது. சக்கர நாற்காலியில் சாய்ந்திருந்த மனுஷன் நிமிர்ந்து உட்கார்ந்து, "முதலமைச்சர் கார்டுன்னு சொல்லும்மா" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அந்தக் காப்பீட்டுத் திட்டம் 2009இல் கலைஞர் பெயரில் வந்தபோது ஒரு குடும்பத்துக்கு நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து ஒரு லட்சம். 2011இல் ஆட்சி மாறியதும் அதை நிறுத்திவிட்டு, 2012 ஜனவரியில் புதுப் பெயரில் கொண்டுவந்தார்கள். இதில் ஆண்டுக்கு ஒரு லட்சம், அதாவது நாலு மடங்கு. எங்கள் தெரு டீக்கடையில் இதை யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை. பெயரை மாற்றியதற்குத்தான் சண்டை. ஊர் இன்னமும் பழைய பெயரையே சொல்கிறது என்று நான் குஷியானேன், பெரியப்பா பொருமினார். தொகை கூடியதை இரண்டு பேருமே கண்டுகொள்ளவில்லை.

கட்சிகளும் நம்மை மாதிரிதான். 2011இல் சமச்சீர் பாடப்புத்தகத்தில் கலைஞர் சம்பந்தப்பட்ட சில வரிகளின் மேல் காகிதம் ஒட்டிப் பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். பிள்ளைகள் முதல் வேலையாக அதைத்தான் உரித்துப் பார்த்தார்கள். 2021 மே மாதம் தேர்தலில் ஜெயித்த சூட்டில் சென்னை முகப்பேரில் அம்மா உணவகத்தின் போர்டைக் கிழித்தவர்கள் என் பக்கத்து ஆட்கள். தலைமை நடவடிக்கை எடுத்தது, போர்டையும் திரும்ப மாட்டினார்கள். இருந்தாலும் வெட்கமாக இருந்தது.

இதை வைத்து, ஜனங்கள் முகத்தைப் பார்த்து ஓட்டுப் போடுகிற மக்குகள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 1982இல் எம்ஜிஆர் சத்துணவைத் தொடங்கியபோது, புருஷனை இழந்து இரண்டு பிள்ளைகளோடு நின்ற எங்கள் அத்தைக்கு ஆயா வேலை கிடைத்தது. எம்ஜிஆர் பேச்சை எடுத்தால் பெரியப்பா படம் எதையும் சொல்ல மாட்டார். முதல் சம்பளத்தில் அத்தை வாங்கிக் கொடுத்த வேட்டியைத்தான் சொல்வார். அந்த நன்றி எனக்குப் புரிகிறது. அந்த ஒரு வேட்டிக்காக, அதற்கப்புறம் அந்தச் சின்னத்தில் வந்தவர்கள் எதைச் செய்தாலும் சரி என்று நாற்பது வருஷம் நிற்கிறார் பாருங்கள், அதுதான் எனக்கு இடிக்கிறது. நான் நிற்பதற்கு அப்படி ஒரு வேட்டிகூடக் கிடையாது.

நேற்று அவருக்கு போன் போட்டு என் இரண்டு பதிவையும் வாசித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் சொன்னார்: "காலைச் சாப்பாடு நல்ல திட்டம்தான்டா. பேத்தி தினமும் சாப்பிட்டுட்டுத்தான் வர்றா. ஆனா உன் ஆளுக்கு நான் போட மாட்டேன்."