நொச்சி எண்ணெயைச் சோதித்துப் பார்க்கச் சொல்வது நொச்சியை அவமதிப்பது ஆகாது

அம்மாவுக்கு முழங்கால் வலி வந்து ஆறேழு வருஷம் இருக்கும். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் வேலியோரத்தில் ஒரு கை நொச்சி இலை ஒடித்து வந்து, தோசைக்கல்லில் நாலு சொட்டு விளக்கெண்ணெய் விட்டு வதக்குவார். வாசம் தெருவாசல் வரை வரும். பழைய வேட்டித் துணியில் முடிந்து, சூடு பொறுக்குமா என்று புறங்கையில் ஒற்றிப் பார்த்துவிட்டுத்தான் முழங்காலில் வைப்பார். பத்து நிமிஷத்தில் காலை நீட்டி மடக்குவார். தினமும் பார்க்கிறேன்.

ஆனால் வலியைக் குறைத்தது சூடா, விளக்கெண்ணெயா, அழுத்திக் கொடுத்த கையா, இலையா? வீட்டில் இருந்துகொண்டு இதைப் பிரித்துச் சொல்ல முடியாது.

போன வருஷம் ஒரு கண்காட்சியில் ‘சுத்தமான நொச்சி எண்ணெய்’ என்று சின்ன பாட்டில் ஒன்று வாங்கினேன். எதில் கலந்து பூச வேண்டும் என்று லேபிளில் ஒரு வரி இல்லை. அப்படியே பூசினோம். மறுநாள் அம்மாவின் முழங்கால் சிவந்து கொப்பளித்திருந்தது.

அதன்பிறகுதான் விசாரித்தேன். சித்த மருத்துவத்தில் தைலம் என்றால் இலைச்சாற்றை நல்லெண்ணெயில் விட்டு, நீர் சுண்டும்வரை காய்ச்சி இறக்குவது. இலையை ஆவியில் வடித்து எடுக்கும் எண்ணெய் முற்றிலும் வேறு சரக்கு. மூட்டை மூட்டையாக இலை போட்டால் கொஞ்சம்தான் கிடைக்கும், வீரியம் அவ்வளவு. கடையில் இரண்டுக்கும் ஒரே பெயர். பாட்டிமார் கைகண்டது காய்ச்சிய தைலத்தை. அந்த அனுபவத்தைக் காட்டி வடித்த எண்ணெயை விற்பது எனக்குச் சம்மதமில்லை. வலித் தைலங்களில் சேரும் வின்டர்கிரீன் எண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் இலையில் வடித்ததுதான். ஒரு குழந்தை அதில் 5 மி.லி. குடித்தால், 325 மி.கி. ஆஸ்பிரின் மாத்திரை இருபதுக்கு மேல் விழுங்கியதற்குச் சமம்.

நொச்சி இலைச் சாரத்தை எலிகளிடம் சோதித்திருக்கிறார்கள், வலி குறைந்ததாக முடிவுகளும் உண்டு. சூடான தட்டில் எலியை விட்டு, எத்தனை விநாடியில் பாதத்தை நக்குகிறது என்று பார்ப்பது ஒரு முறை. நொச்சி எண்ணெயில் இருக்கும் பீட்டா கேரியோபிலீன் என்ற பொருள், நம் உடம்பில் வீக்கத்தையும் வலியையும் தணிப்பதில் பங்குள்ள சிபி2 என்ற ஏற்பியில் (செல்லின் மேல் இருந்து சேதி வாங்கும் புரதம்) போய் ஒட்டும் என்று 2008-ல் கண்டார்கள். மிளகிலும் கிராம்பிலும் இருப்பது இதே பொருள்தான். நல்ல சேதி. ஆனால் எலியின் பாதம் வேறு, அறுபது வயதுக்காரரின் தேய்ந்த முட்டி வேறு. இடத்துக்கும் பருவத்துக்கும் தக்கபடி எண்ணெயின் சேர்மானமும் மாறும். அதை அளக்காமல் சோதித்தால் எதைச் சோதித்தோம் என்பதே தெரியாது.

மனிதரிடம் சோதிப்பதில் பெரிய சிக்கல் வாசம். மருந்து எது, வெறும் எண்ணெய் எது என்று நோயாளிக்குத் தெரியக்கூடாது. நொச்சி வாசம் மூக்கில் ஏறியதுமே எங்கள் அம்மாவுக்குப் பாதி வலி போய்விடும். அதனால் வலிக்கு உதவாத, அதே வாசமுள்ள இன்னொரு எண்ணெய் வேண்டும். சிரமம்தான், முடியாததல்ல. பிரேசிலில் நாட்டு மக்கள் வீக்கத்துக்குப் போட்டுவந்த கார்டியா வெர்பெனேசியா செடியின் எண்ணெயை, அதிலுள்ள ஆல்ஃபா ஹியூமுலீன் என்ற பொருள் எவ்வளவு என்று அளந்து நிர்ணயித்து, மனிதரிடமும் சோதித்து, 2005-ல் அச்செஃப்ளான் என்ற களிம்பாகக் கடைக்குக் கொண்டுவந்தார்கள். நம் வேலியில் நிற்கும் செடிக்கும் அந்த மரியாதை வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

கண்காட்சி பாட்டிலைத் தூக்கிப் போட்டாயிற்று. கொப்புளம் ஆறியதும் அம்மா பழையபடி தோசைக்கல்லை எடுத்துவிட்டார். இப்போது இலை ஒடித்து வருவது என் வேலை.