நானோவை வகுப்பில் நடத்துவது எப்படி

எம்.பி.ஏ. பாடத்தில் சந்தைப் பிரிவு (வாங்குகிறவர்களைக் குழுக்களாகப் பிரிப்பது) ஒரு அத்தியாயம், பிராண்ட் நிலைநிறுத்தம் (வாங்குகிறவர் மனதில் பிராண்டுக்கு ஒரு இடம் பிடிப்பது) இன்னொன்று. நுகர்வோர் உந்துதல் பெரும்பாலும் வேறு தாளுக்கே போய்விடும். கோளாறு இங்கேதான் என்பது என் கட்சி. ஏன் வாங்குகிறார்கள் என்பதைத் தொடாமல் யார் வாங்குகிறார்கள் என்று ஆரம்பித்தால், சோப்புக்கும் செருப்புக்கும் ஒரே விடைதான் வரும்: "18–25 வயது, நகர்ப்புறம், நடுத்தர வருமானம்."

இதை உடைக்க டாடா நானோ காரை எடுங்கள். 2008-ல் அறிமுகம், 2009-ல் விற்பனை. குறி, பைக்கில் நாலு பேராக நெருக்கியடித்துப் போகும் குடும்பம். பிரிவில் தப்பே இல்லை. ஆனால் அந்தக் குடும்பம் கார் வாங்குவது மழைக்காக மட்டுமா? சொந்தக்காரர் கல்யாணத்தில் காரில் போய் இறங்கவும்தான். ஒரு லட்ச ரூபாய் கார், உலகத்திலேயே விலை குறைந்தது என்று ஊருக்கே தெரிந்த வண்டியில் இறங்கினால் என்ன கெத்து? மலிவு முத்திரை பாதகமானதை ரத்தன் டாடாவே பின்னாளில் ஒப்புக்கொண்டார். (மேற்கு வங்கத்தின் சிங்கூரிலிருந்து குஜராத்தின் சானந்துக்கு ஆலை மாறியது, சில வண்டிகள் தீப்பிடித்தது எல்லாவற்றையும் சேர்த்தே சொல்லுங்கள். இல்லாவிட்டால் பசங்க ஒற்றைக் காரணத்தோடு நிறுத்திவிடுவார்கள்.)

அடுத்து, மாணவர்களை ஒரு பொருளைப் பற்றி ஆளுக்கு 5 பேரிடம் பேசிவரச் சொல்லுங்கள். "ஏன் இதை வாங்குறீங்க?" என்று கேட்கவே கூடாது. "குவாலிட்டி" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். கடைசியாக எப்போது வாங்கினீர்கள், அதற்கு முன் எது, கடையில் அது இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்கட்டும். மூன்றாவது கேள்வியில்தான் சரக்கு இருக்கிறது. ஷாம்பு சாஷே கிடைக்காவிட்டால் சீயக்காய் என்பவரும், வேறு பிராண்ட் என்பவரும் ஒரே தெரு, ஒரே வயது என்றாலும் ஒரே பிரிவு இல்லை.

மனிதத் தேவைகளைப் படிப்படியாக அடுக்கிக் காட்டும் மாஸ்லோ பிரமிடு? பிஸ்கட்டை "உடல் தேவை" கட்டத்தில் போட்டுவிட்டு முடித்துக்கொள்ளத்தான் அது பயன்படுகிறது. உளவியலாளர் மாஸ்லோவின் 1943 கட்டுரையில் பிரமிடே கிடையாது.

பிரிவு எழுதி வந்தால் ஒரே சோதனை: இவர்களுக்காகப் பொருள், விலை, கடை, விளம்பர வாசகம் இதில் ஒன்றாவது மாறுமா? மாறாவிட்டால் பக்கத்துப் பிரிவோடு சேர்த்துவிடச் சொல்லுங்கள்.

நிலைநிறுத்த வரைபடத்தில் (இரண்டு அச்சு போட்டு பிராண்டுகளைப் புள்ளிகளாகக் குறிக்கும் படம்) எல்லோரும் விழும் குழி, ஒரு அச்சு விலை, மறு அச்சு தரம். இரண்டும் சேர்ந்தே ஏறுவதால் பிராண்டுகள் சாய்கோடாக வரிசைகட்டி நிற்கும். காலி இடம் என்று தெரிவது, அதிக விலைக்கு மட்டமான சரக்கு விற்கும் மூலை! அச்சுகள் பேட்டியில் ஜனங்கள் சொன்ன சொல்லிலிருந்து வரட்டும்: "தினமும் போடலாம் / விசேஷத்துக்கு மட்டும்", "நானே வாங்குவேன் / அம்மா வாங்குவாங்க". வரைபடத்துக்கு 10 மதிப்பெண் என்றால், இந்த அச்சு ஏன் என்ற விளக்கத்துக்கே 6 போடுங்கள்.