மிஸ்டரி ஷாப்பர் வேலைக்கு முன்பணம் கட்ட வேண்டுமா?

சேலம், ஏற்காடு கடைகளுக்கு வாடிக்கையாளர்போலச் சென்று மதிப்பிடும் 'மிஸ்டரி ஷாப்பர்' வேலைக்கு முன்பணம் கட்டிப் பதிந்தால் மாதச் சம்பளம் உறுதி என்று வாட்ஸ்அப்பில் பரவும் தகவல் தவறானது. இப்படியொரு வேலை இருப்பது உண்மைதான். ஆனால் முறையான நிறுவனங்கள் பதிவுக் கட்டணம் கேட்பதில்லை. ஊழியர் வரவேற்றாரா, பில் போட எத்தனை நிமிடம் ஆனது, கழிப்பறை சுத்தமாக இருந்ததா என்பவற்றைக் கவனித்து, பில்லின் படத்துடன் அறிக்கை அனுப்பி, அது ஏற்கப்பட்ட பிறகே அந்தந்தப் பணிக்கான தொகை வரும் என்பதால், இதை நிலையான சம்பளமாகக் கருத முடியாது. பெட்ரோல் செலவு போக மிஞ்சுவதும் சொற்பமே (ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போக வேண்டியிருந்தால் சொல்லவே வேண்டாம்). முதலில் சிறு தொகையை வரவு வைத்து நம்பவைத்து, பிறகு அடுத்த 'டாஸ்க்'குக்குப் பணம் அனுப்பச் சொல்வது மோசடிக்காரர்களின் வழக்கம். ஏமாந்தவர்கள் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்தால், பணம் கைமாறுவதற்குள் அதை முடக்க வாய்ப்புண்டு.